கைவினைச் சுக்கானும் கற்றோர் கடமையும்

பழைய மாணவர் விழா மலரிலே நம் ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும், விளையாட்டுத் திடலில் ஈட்டிய வெற்றிகளைப் பற்றியும் எழுதுதல் மரபு. அம்மரபில் எமக்கும் பற்றுண்டு. ஆயினும் இம்முறை யாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மோட்டார் வண்டியின் சுக்கான். கல்லூரி மலருக்கும் சுக்கானுக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டுகின்றோம். இக்கல்லூரியிலே பதினைந்து வயதிற் கற்ற ஒரு தேற்றத்தை, சொல்ல வேண்டிய வேளையிற் சொல்லாது விட்டோம். அதனால் ஓர் இளைஞன் உயிர் தப்பியது அரிதாயிற்று. அக்குறை எம்முடையது. அதனை ஒளியாது கூறி, அதனின்றும் யாம் அடைந்த கருத்தை நம் பழைய மாணவர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் நிமித்தம் அமெரிக்க நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்தில் நெடுங்காலம் வாழ நேர்ந்தது. அம்மாநிலத்தின் தென்பகுதி ‘ஹொட் றொட்’ எனப்படும் வண்டிகளுக்குப் பிறந்தகம். பழைய வண்டியொன்றை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி, வலிமிக்க எஞ்சினைப் பொருத்தி, விரைவையும் தோற்றத்தையும் கருதித் தம் கையாலேயே மீள அமைத்த வண்டிக்கு அப்பெயர் வழங்குகிறது. 1908 முதல் 1927 வரை போர்ட் தொழிற்சாலை ‘மொடல் ரி’ வண்டிகளை ஒன்றரைக் கோடி அளவிற் செய்து விற்றது. பின்னர் 1932இல் எண்குழல் எஞ்சின் பூட்டிய வண்டியை வெளியிட்டது. இவை பழையனவாகியபோது கைப்பொருள் குறைந்த இளைஞர்க்கும் எளிதிற் கிடைத்தன. அவர்கள் அவற்றைத் திருத்தியமைத்து மியூறொக், எல் மிராஜ் முதலான வறண்ட ஏரித் தரைகளிலே ஓட்டி வேகம் அளந்தனர். அவ்வோட்டங்களை ஒழுங்குபடுத்தத் தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கம் 1937இல் தோன்றியது. ‘ஹொட் றொட்’ என்னும் சஞ்சிகை 1948 சனவரியில் வெளிவரத் தொடங்கியது. தேசிய ஹொட் றொட் சங்கம் 1951இல் அமைந்தது. இன்று வெள்ளை மயிர் படர்ந்த முதியோரும் பள்ளி விட்ட சிறுவரும் ஒரே கொட்டிலில் நின்று உழைக்கும் கலையாக இது நிலைபெற்றுள்ளது.

இவ்வண்டிகள் சிலவற்றிற் காணப்படும் ஓர் அமைப்புக்குக் ‘கவுல் சுக்கான்’ என்று பெயர். எஞ்சின் மூடிக்கும் சாரதியின் முன்கண்ணாடிக்கும் இடைப்பட்ட உடற்பகுதியைக் கவுல் என்பர். அக்காலத்துச் சாலை வண்டிகளிலே சுக்கானின் பற்சில்லுப் பெட்டி கீழே, எஞ்சினுக்கு அண்மையிற் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். பந்தய வண்டிகளிலோ சட்டம் ஒடுங்கியது. எஞ்சினும் புகைக் குழாய்களும் அவ்விடத்தை நிரப்பிவிடும். ஆதலின் பெட்டியை மேலே உயர்த்திக் கவுலின் உட்புறத்தே வைத்தார்கள். பெட்டியின் தண்டு இடப்பக்கத் தகட்டைத் துளைத்து வெளியே வரும். அதன் நுனியில் ஒரு புயம் தொங்கும். அப்புயத்தினின்று நீண்ட கோலொன்று வண்டியின் வெளிப்புறமாக முன்னே சென்று, இடப்பக்க முன்சில்லோடு பிணைந்த மற்றொரு புயத்தைப் பற்றும். இதனை இழுகோல் என்போம். சாரதி சுக்கானைத் திருப்பத் தொங்குபுயம் முன்னும் பின்னும் ஆடும். இழுகோல் சில்லின் புயத்தைத் தள்ளும், அல்லது இழுக்கும். இடச்சில்லு திரும்ப, அச்சின் வழியே செல்லும் குறுக்குக் கோல் வலச்சில்லையும் உடன் திருப்பும். சில்லின் புயம் உள்நோக்கி அமைந்திருப்பின், இழுகோல் முன்னே தள்ளும்போது வண்டி இடப்பக்கம் திரும்பும்.

எமது அயல்வீட்டு இளைஞன் ஒருவன் இத்தகைய சுக்கானைத் தன் வீட்டுக் கொட்டிலிலேயே செய்தான். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து ஒரு சிறு காரின் பற்சில்லுப் பெட்டியை வாங்கி வந்தான். அதனைத் திருப்பி வைக்கும் போது சுக்கானை வலப்பக்கம் சுழற்றச் சில்லு இடப்பக்கம் போகும் நிலை வருமோ என்று முதலில் மரக்கட்டையிற் பூட்டிப் பார்த்தான். கவுலின் மெல்லிய தகடு அப்பெட்டியைத் தாங்கமாட்டாது என்பதை அறிந்து, தடித்த உருக்குத் தகட்டால் ஒரு தாங்கி செய்து, அதனைச் சட்டத்தோடு பிணைத்தான். வார்ப்பிரும்புப் பாகத்தில் வெல்டிங் செய்யவில்லை. போல்ற்றுக்களை இருபுறமும் பிடிக்குமாறு அமைத்தான். ஒவ்வொரு நட்டுக்கும் பிளவு ஊசி செருகினான். இழுகோலின் முனையிலுள்ள குண்டு மூட்டுத் தேய்ந்து கழன்றாலும் கோல் விழுந்துவிடாதபடி அகன்ற வளையத் தகடும் வைத்தான். ஆறு மாத உழைப்பு அது. கைத்திறனில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

வேலை முடிந்த மாலையில் எம்மை அழைத்தான். பொறியியல் கற்றவர் என்ற மதிப்பினால், ஒருமுறை பார்த்துச் சொல்லுமாறு வேண்டினான். யாமும் சென்று வண்டியைச் சுற்றி வந்தோம். தாங்கியைத் தட்டிப் பார்த்தோம். அவன் தாயார் தந்த கோப்பியை அருந்தினோம். அப்போது ஒன்று எம் கண்ணிற் பட்டது. கவுலிலே உயரத்தில் தொங்கிய புயத்திலிருந்து முன்சில்லுக்குச் சென்ற இழுகோல் மிகவும் சரிந்திருந்தது. அச்சைத் தாங்கும் கோல்களோ கிடையாக இருந்தன. இரண்டும் ஒவ்வாதனவே என்று உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. ஆயினும் வாய் திறந்திலோம். ஆறு மாதம் உழைத்த பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி ததும்பியது. அதைக் கெடுப்பானேன் என்று எண்ணினோம். பிறர் காரியத்தில் நமக்கென்ன என்றும் எண்ணினோம். “மிக நன்று” என்று சொல்லித் தோளிற் தட்டிவிட்டு வீடு திரும்பினோம்.

மூன்றாம் வாரத்தில் அந்த வண்டி ஒரு தாழ்ந்த சாலைப் பள்ளத்தைக் கடந்தது. வில் அமுங்கியது, அச்சு மேலெழுந்தது. சாரதி சுக்கானை அசையாது பிடித்திருக்கவும் வண்டி தானாக இடப்பக்கம் பாய்ந்தது. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கத்தே செல்வன. இடப்பக்கம் எதிர்வரும் வண்டிகளுக்கு உரியது. அந்த வேளையில் எதிரே வண்டியொன்றும் வாராமை இறைவன் செயல். சாலையைக் குறுக்கறுத்து அப்பாலுள்ள வேலியில் மோதி நின்றது. இளைஞனுக்கு மணிக்கட்டு முறிந்தது. தாங்கியும் வெல்டிங்கும் போல்ற்றுக்களும் அப்படியே இருந்தன. உடைந்தது ஒன்றுமில்லை. பிழை இரும்பில் இல்லை. கேத்திர கணிதத்தில் இருந்தது.

மருத்துவமனையிலிருந்து அவன் வந்த பின்னர், அவனுடைய சமையலறை மேசையிலே ஒரு தாளை விரித்துக் கணக்குச் செய்தோம். அன்பர்களும் உடன் செய்து பார்க்கலாம்; இக்கணக்குக்குப் பைதகரஸ் தேற்றமன்றி வேறொன்றும் வேண்டுவதில்லை. அச்சைத் தாங்கும் கோல்கள் பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றற்கொன்று இணையாக, ஒவ்வொன்றும் 40 அங்குல நீளமுடையனவாக இருந்தன. அச்சு 2 அங்குலம் எழும்போது, 40இன் வர்க்கமாகிய 1600இலிருந்து 2இன் வர்க்கமாகிய 4ஐக் கழித்தால் 1596. அதன் வர்க்கமூலம் 39.95. எனவே அச்சு 0.05 அங்குலம் பின்னே நகரும். இனி இழுகோலைக் காண்போம். அதன் கிடைத்தூரம் 40 அங்குலம். பின்முனை முன்முனையினும் 8 அங்குலம் உயர்ந்தது. செம்பக்கத்தின் வர்க்கம் 1664. அச்சு 2 அங்குலம் எழ, உயர வேறுபாடு 6 ஆகக் குறையும். 1664இலிருந்து 36ஐக் கழிக்க 1628. அதன் வர்க்கமூலம் 40.35. ஆகவே கோலின் முன்முனை 0.35 அங்குலம் முன்னே போக முயலும். அச்சு பின்னே போகின்றது. கோல் முன்னே தள்ளுகின்றது. இரண்டும் சேர 0.40 அங்குலம். சில்லின் புயம் 6 அங்குலமாதலால், சில்லு ஏறத்தாழ 4 பாகை தானே திரும்பிவிடும்.

நான்கு பாகை சிறிதென்று எண்ணற்க. அவன் பொருத்திய பெட்டியில் சுக்கான் 16 பாகை சுழலப் புயம் 1 பாகை திரும்பும். இரு புயங்களும் 6 அங்குலம். அவ்வாறாயின், சாரதி தன் கையாற் சுக்கானை 60 பாகைக்கு மேற் சுழற்றினாலன்றி நிகழாத திருப்பத்தை ஒரு பள்ளம் நிகழ்த்திவிட்டது. கணக்கை முடித்ததும் அவன் எம்மை நோக்கி, இது உங்களுக்கு முன்னரே தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றோம். எங்கே கற்றீர்கள் என்றான். ஈழத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், பதினைந்து வயதில் என்றோம். அவன் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. கேளாமையே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

பின்னர் இருவரும் சேர்ந்து அதனைத் திருத்தினோம். கால்மிதிகளுக்கு இடையூறின்றிப் பெட்டியை 3 அங்குலம் கீழிறக்கினோம். தொங்குபுயத்தை 6 அங்குலத்திலிருந்து 8 ஆக நீட்டியதால் 2 அங்குலம் கிடைத்தது. சில்லின் புயத்தைப் புதிதாகச் செய்து 3 அங்குலம் உயர்த்தினோம். மூன்றும் சேர எட்டு அங்குலச் சரிவு ஒழிந்தது. தொங்குபுயம் மட்டும் நீண்டால், அதே சுழற்சிக்குச் சில்லு மூன்றிலொரு பங்கு மிகுதியாகத் திரும்பும். சுக்கானும் கைக்குக் கனக்கும். ஆதலின் சில்லின் புயத்தையும் 8 அங்குலமாக்கினோம். இழுகோலை 40 அங்குல நீளத்தில், தாங்கும் கோல்களுக்கு இணையாக அமைத்தோம். இப்போது இரண்டும் ஒரே அளவான வில்வளைவில் இயங்கும்; ஒன்றையொன்று இழுக்கமாட்டா. இறுதியில் வில்லைக் கழற்றிவிட்டு, ஜக்கினால் அச்சை 2 அங்குலம் மேலும் 2 அங்குலம் கீழும் அசைத்து, சில்லின் அருகே ஒரு கூர்ங்குச்சியை நட்டுப் பார்த்தோம். கண்ணுக்குப் புலப்படும் திருப்பம் இல்லை. இப்பரிசோதனைக்கு அரைமணி நேரமும் ஒரு ஜக்கும் போதும். முதல்நாள் மாலையிலேயே இதனைச் செய்திருக்கலாம் அல்லவா?

இவ்வரலாற்றைக் கேட்ட நண்பர் பலர் இருவகைக் கருத்துரைத்தனர். ஒருசாரார், வீட்டிலே சுக்கான் செய்தலைச் சட்டத்தால் தடுத்தல் வேண்டும் என்றனர். இவர்களுக்கு எமது மறுமொழி: அவன் பூட்டிய பெட்டி தொழிற்சாலையிற் செய்தது, குண்டு மூட்டுக்களும் விலைகொடுத்து வாங்கியவை. நல்ல பாகங்களைப் பிழையான இடத்தில் வைத்தமையே கேட்டிற்குக் காரணம். வாங்கிய பொருள் மட்டுமே காக்கும் என்பது பொய்ந்நம்பிக்கை. மேலும், தடை செய்வோமாயின் வேலை மறைவிலே நடக்கும். மறைவில் நடக்கும் வேலையை எவரும் சோதியார். கையால் ஒன்றை ஆக்கும் இளைஞன் கற்றுக்கொள்வது மிகப் பெரிது. அதனை அழித்தல் அறமன்று.

மற்றொரு சாரார், ஏட்டறிவு எதற்கு, அனுபவமே ஆசான் என்றனர். எஞ்சினைப் பொறுத்தவரை இதனை ஓரளவு ஒப்புக்கொள்வோம். நம் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் இதற்குச் சான்று. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாத காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் வாழவைத்தவர்கள் அவர்கள். அவர்கள் புரிந்த பிழைகளும் உண்டு. அப்பிழைகளே அவர்களுக்குப் பாடமாயின. ஆனால் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். எஞ்சின் பிழைத்தால் வண்டி நிற்கும். சுக்கான் பிழைத்தால் வண்டி நிற்காது. நிற்கும் பொருளிடத்தே நூறுமுறை தவறிக் கற்கலாம். நில்லாப் பொருளிடத்தே முதற்றவறே இறுதிப் பாடமாகவும் கூடும். ஆதலாற் சுக்கான், தடுப்பு ஆகிய இரண்டிலும் கணக்கு முன்னும் கை பின்னும் செல்லுதல் முறை.

சுக்கானின் கணக்கோ புதியதன்று. வளைவிலே உட்சில்லு வெளிச்சில்லினும் மிகுதியாகத் திரும்புதல் வேண்டும் என்பதைக் கருதி, மியூனிக் நகரத்து வண்டி செய்வோராகிய லங்கென்ஸ்பேர்கர் 1817இல் ஓர் அமைப்பை ஆக்கினார். அவர் பொருட்டு இலண்டனில் இருந்த அக்கர்மன் என்பவர் 1818இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அஃது எழுந்தது குதிரை வண்டிகளுக்காக. இருநூறு ஆண்டுகளாக உலகறிந்த கணிதத்தை ஒருவன் அறியாமற் போவது அவன் குற்றம் மட்டுமன்று. அறிந்தும் அருகில் நின்றவரின் குற்றமும் ஆகும்.

இங்கேதான் எமது கருத்தின் உயிர்நிலை உள்ளது. கைவினைச் சுக்கானுக்கு வேண்டுவது தடையுமன்று, புகழுமன்று, இரண்டாவது கண். அக்கண் அன்புடையதாயும் அஞ்சாததாயும் இருத்தல் வேண்டும். தென் கலிபோர்ணிய ஓட்டத் தரைகளிலே இவ்வழக்கம் உண்டு. ஓட வந்த வண்டி ஒவ்வொன்றையும் சங்கத்தார் முதலிற் சோதிப்பர், குறைகண்டால் ஓடவிடார். சோதிப்பவரும் அதே கலையில் ஈடுபட்டவரே, ஓட்டுபவனுக்கு நண்பரே. நட்பினால் அங்கே சோதனை தளர்வதில்லை. நண்பன் இறத்தலாகாது என்பதனாற் சோதனை கடுமையாகிறது. அதனை யாம் பலமுறை கண்டிருந்தும், அயல்வீட்டுக் கொட்டிலில் நின்றபோது மறந்தோம்.

நம்மவரிடத்தே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வீடு கட்டினால் “நல்லாயிருக்கு” என்போம். நூல் எழுதினால் “அருமை” என்போம். குறை தெரிந்தால் வீட்டுக்கு வந்து நம் மனையாளிடம் மட்டும் சொல்வோம். இதனைப் பண்பாடு என்று கருதுகின்றோம். வீட்டுக்கும் நூலுக்கும் அது பொருந்தினும் பொருந்துக. உயிர் தங்கியிருக்கும் பொருளிடத்தே அப்பண்பாடு கொடுமை. கவுல் சுக்கானில் இழுகோல் வண்டிக்கு வெளியே, எல்லார் கண்ணுக்கும் முன்னே நீண்டு கிடக்கின்றது. அதனை மூடி மறைக்கும் தகடு ஒன்றும் இல்லை. எனவே காணவில்லை என்று யாம் சொல்லித் தப்ப முடியாது. கண்டோம், சொல்லவில்லை.

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. ஆறு மாத உழைப்பைப் பழித்துப் பேசினால் கேட்பவன் செவியை மூடிக்கொள்வான். “வா, அச்சை உயர்த்திப் பார்ப்போம்” என்று ஜக்கை எடுத்துக் கொடுத்தால் அவனே குறையைக் காண்பான். அளவுகோலும் குச்சியும் பேசும்போது சினம் எழுவதில்லை. கற்றவர் தம் கல்வியைப் பிறர்க்கு வழங்கும் வழி இதுவென்பது எமது துணிபு.

விழாக் காலத்திலே பழைய மாணவர் பலர் கல்லூரிக்குக் கட்டடங்களும் தளபாடங்களும் வழங்குகின்றனர். அவை வேண்டற்பாலனவே. யாம் வேண்டுவது அவற்றினும் சிறிது. கேத்திர கணிதம் கற்பிக்கும் ஆசிரியரும் உலோக வேலை அறிந்தவரும் ஒரே மேசையருகே நின்று மாணவர்க்குக் கற்பிக்க மாதத்தில் ஒருநாள் ஒதுக்கப்படுமாக. அம்மேசையிலே நான்கு மரச்சட்டங்களாலும் சில ஆணிகளாலும் ஓர் அச்சும் ஓர் இழுகோலும் செய்து வைக்கலாம். ஒருமுறை இழுகோலைச் சரிவாகவும் மறுமுறை இணையாகவும் பூட்டி, அச்சை உயர்த்திக் காட்டினால், பைதகரஸ் தேற்றம் எதற்கு என்று எந்த மாணவனும் கேட்கமாட்டான். இதற்காகும் செலவு ஒரு விருந்தின் செலவினும் குறைவு. செய்து தரும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம்.

அந்த இளைஞனின் வண்டி இன்றும் ஓடுகின்றது. புதிதாகச் சுக்கான் அமைக்கும் நண்பர்கள் அவனிடம் வருகின்றனர். அவன் முதலிலே அவர்கள் கையில் ஒரு ஜக்கைக் கொடுக்கிறான். அதன் பின்னரே பேச்சு. எம்மையும் சிலவேளை அழைப்பான். இப்போது யாம் கோப்பியை அருந்துமுன் இழுகோலை அளக்கின்றோம். “மிக நன்று” என்னும் சொல்லை அளந்த பின்னரே சொல்கின்றோம். அச்சொல்லுக்கு இப்பொழுதுதான் சிறிது மதிப்பும் உண்டாயிற்று.